நாலு சில்லும் இழுக்கும் குடும்பக் கார்: காசை எதில் முதலில் போடுவது?

ஜனவரி மாதத்தில் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ எங்கள் ஆட்கள் வாழும் தெருக்களில் நடந்து பார்த்தால், வீட்டு முன்றல்களில் நிற்கும் வாகனங்களில் பலவற்றின் பின்கதவில் ‘ஏ.டபிள்யூ.டி’ என்று பொறித்திருக்கும். ரொயோற்றா ராவ்4, ஹொண்டா சி.ஆர்-வி, சுபாரு ஃபொரெஸ்ரர், குடும்பம் பெரிதென்றால் சியன்னா வான். வாங்கியவரிடம் கேட்டால் காரணம் ஒன்றுதான் சொல்வார்: “ஸ்னோவுக்குப் பயமில்லை.” இயந்திரத்தின் பலத்தை நாலு சில்லுக்கும் அனுப்பும் அந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் காசும் கொடுத்திருப்பார். அதே வாகனத்தைக் குனிந்து பார்த்தால் தேய்ந்த ரயரும் எண்ணெய் கசியும் ஷொக்கும் கண்ணில் படும்.

அப்படியான வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன். வளைவில் வாகனம் சொல்வழி கேட்க, பாரம் ஏற்றினாலும் நிமிர்ந்து போக, திடீரென்று ஸ்ரியரிங்கைத் திருப்பினால் தடுமாறாமல் திரும்ப, எதை மாற்றலாம், எந்த ஒழுங்கில் மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பதுதான் விடயம். மார்கழியில் கலியாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு 540 கிலோமீற்றர் ஓடுகிறோம். பின் இருக்கையில் பிள்ளைகளும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஆகவே இதை வாகனப் பைத்தியம் பிடித்த இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

வீதியில் வாகனத்துக்கு மூன்று வேலை: புறப்படுவது, திரும்புவது, நிற்பது. ஓல் வீல் டிரைவ் முதலாவது வேலையில் நன்றாக உதவும். சறுக்கும் இடத்தில் இரண்டு சில்லு தள்ளுவதைவிட நாலும் சேர்ந்து தள்ளினால் வாகனம் இலகுவாகப் புறப்படும், ஏற்றத்தில் ஏறும். மூன்றாவது வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பிரேக் எல்லா வாகனத்திலும் நாலு சில்லுக்கும் இருக்கிறதே. இரண்டாவது வேலையில், வளைவுக்குள் வேகத்தை மெல்லக் கூட்டும்போது கொஞ்சம் கைகொடுக்கும். வேகமாக உள்ளே போய்விட்டால் காப்பாற்றாது.

கணக்காளன் என்பதால் எண்ணில் சொல்கிறேன். ரயருக்கும் வீதிக்கும் இடையிலான பிடியை உராய்வுக் குணகம் என்று பாடசாலையில் படித்திருப்போம். காய்ந்த தாரில் அது சுமார் 0.8, இறுகிய பனியில் 0.25, ஐஸில் 0.1 என்று வையுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் பிரேக் பிடித்த கணத்திலிருந்து நிற்கக் காய்ந்த வீதியில் ஏறக்குறைய 12 மீற்றர் வேண்டும். இறுகிய பனியில் 39 மீற்றர். ஐஸில் 98 மீற்றர். இதில் நாங்கள் கண்டு, யோசித்து, காலை வைக்கும் நேரம் சேரவில்லை.

வளைவும் இப்படித்தான். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைந்த பாதை ஒன்றின் ஆரை 50 மீற்றர் என்றால், காய்ந்த வீதியில் 70 கிலோமீற்றர் வரை தாங்கும். பனியில் 40. ஐஸில் 25. இந்தக் கணக்குகள் எதிலும் எத்தனை சில்லு இழுக்கிறது என்ற எண் வரவே இல்லை. வாகனத்தின் நிறைகூட வெட்டுப்பட்டுப் போகிறது. மிஞ்சுவது வேகமும் ரயரின் பிடியும்தான்.

இங்கேதான் நாலு சில்லு இயக்கத்தின் ஆபத்தும் இருக்கிறது. முன் சில்லு மட்டும் இழுக்கும் கொறொலா சிக்னலில் புறப்படும்போதே சறுக்கி, “இன்று வீதி மோசம்” என்று சாரதிக்குச் சொல்லிவிடும். ஃபொரெஸ்ரர் ஒன்றும் சொல்லாமல் 60 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். வீதியின் உண்மை நிலை அடுத்த சிக்னலில் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியவரும்.

ஓல் வீல் டிரைவ் என்ற ஒரே பெயரில் பல ஏற்பாடுகள் உண்டு. சுபாருவில் நாலு சில்லுக்கும் எப்போதும் பலம் போகிறது. சி.ஆர்-வி போன்றவற்றில் முன் சில்லுகளே முதன்மையாக இழுக்க, தேவைப்படும்போது ஒரு கிளச் பின்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஹைபிரிட் ராவ்4, 2021க்குப் பிந்திய சியன்னா ஆகியவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டு கிடையாது. பின் சில்லுகளைத் தனி மின்மோட்டார் ஓட்டுகிறது. எது நல்லது என்ற விவாதம் எங்கள் விடயத்துக்கு அவ்வளவு முக்கியமில்லை. கீழே சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ரயர்: பட்டியலின் பாதி இதிலேயே முடிந்துவிடும்

ஒவ்வொரு ரயரும் வீதியை உள்ளங்கை அளவான இடத்தில்தான் தொடுகிறது. ஸ்பிரிங், ஷொக், கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் செய்யும் வேலை அந்த நாலு உள்ளங்கைகள் வழியாகத்தான் வீதிக்குப் போகவேண்டும். ஆகவே ஆயிரம் டொலர் கையில் இருந்து, ரயர் தேய்ந்திருந்தால், மற்ற எதையும் யோசிக்கத் தேவையில்லை.

வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண ஓல் சீசன் ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் இறப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். ‘எம்+எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பனிச் சோதனையில் தேறியது என்று பொருளில்லை. தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கீழே போன வின்ரர் ரயரைப் பனி மூடிய வீதிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதே கனடாப் போக்குவரத்து அமைச்சின் ஆலோசனையும். பார்வைக்கு அது இன்னும் நல்ல ரயர் போலத்தான் இருக்கும். சில டொலருக்கு ஆழமானி ஒன்று வாங்கி அளந்து பாருங்கள்.

கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயர் பூட்டியவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்கவேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறாதவர்கள் எங்களுக்குள் இன்னும் எத்தனையோ பேர். கேட்டால்தான் தருவார்கள்.

அளவிலும் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. ஃபொரெஸ்ரரின் சில வகைகள் 225/60 ஆர் 17 ரயரோடு வந்தன, சில 225/55 ஆர் 18 ரயரோடு. முதலாவதில் பக்கச்சுவரின் உயரம் 135 மில்லிமீற்றர், இரண்டாவதில் சுமார் 124. முழு விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 702க்கு 705. ஆகவே 18 அங்குல றிம்மோடு வந்த வாகனத்துக்கு, பிரேக்கில் முட்டாது என்று உறுதிசெய்துகொண்டு, 17 அங்குல றிம்மில் வின்ரர் ரயர் போடலாம். ரயரும் மலிவு. மாசி, பங்குனியில் ரொறன்ரோ வீதிகளில் விழும் குழிகளில் றிம் நெளிவதும் குறையும். ரயரின் பார எண்ணைக் குறைத்துவிடாதீர்கள். 99 என்ற எண் ஒரு ரயர் 775 கிலோ தாங்கும் என்கிறது, 95 என்றால் 690. ஐந்து பேரும் பொதிகளும் ஏறும் வாகனத்தில் அந்த வித்தியாசம் பெரியது.

காற்றமுக்கம் காசு செலவில்லாத மேம்பாடு. வெப்பநிலை ஒவ்வொரு 5, 6 பாகை குறையும்போதும் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ குறையும். 20 பாகை இளஞ்சூட்டுக் கராஜில் 33 அடித்த ரயர், வெளியே சைபருக்குக் கீழே 20 பாகையில் 26க்கு வந்து நிற்கும். அந்த நிலையில் வளைவில் வாகனம் சேற்றில் நடப்பது போலத் தளும்பும். சாரதியின் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் எண்தான் சரியான எண், அதைக் குளிர்ந்த ரயரில் அளக்கவேண்டும்.

இனி, ஓல் வீல் டிரைவ் வைத்திருப்போர் மட்டும் கவனிக்கவேண்டிய ஒன்று. நாலு ரயரும் ஒரே வகை, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்வு உடையவையாக இருக்கவேண்டும். சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்கு, அதாவது 6 மில்லிமீற்றர் அளவுக்கு, மேற்படக்கூடாது என்பது சுபாரு சொல்லும் எல்லை. சுற்றளவில் 6 மில்லிமீற்றர் என்றால் இறப்பரின் தடிப்பில் ஒரே ஒரு மில்லிமீற்றர்தான். வித்தியாசம் கூடினால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல, நடுவில் இருக்கும் கிளச் நாள் முழுக்க அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே சூடாகும். ஒரு ரயர் வெடித்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடச் சொல்லும் கடைக்காரர் உங்களுக்கு இருநூறு டொலர் மிச்சம் பிடித்துத் தந்து, சில ஆயிரம் டொலர் செலவுக்கு வழி வைக்கிறார். ஆகவே பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ரயர்களை முன்பின் இடம்மாற்றி, நாலையும் ஒன்றாகத் தேய விடுங்கள்.

2020 வரையான ஓல் வீல் டிரைவ் சியன்னா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பின்பக்கம் போகும் தண்டுக்கு இடம் விட்டதால் அவற்றில் மேலதிகச் சில்லு இல்லை. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளற் ரயர்களோடு வந்தன. அவற்றின் பக்கச்சுவர் விறைப்பு, விலையும் அதிகம். சாதாரண ரயருக்கு மாற்றினால் வான் மெத்தென்று போகும். ஆனால் வழியில் காற்றுப் போனால் கையில் ஒன்றும் இருக்காது. காற்றடிக்கும் சிறு பம்பும் அடைக்கும் பசையும் வானில் இருக்கவேண்டும். கிங்ஸ்ரனுக்கு அப்பால் நடுச்சாமத்தில் உதவி வரும்வரை குளிரில் காத்திருப்பது சின்னப் பிள்ளைகளோடு செய்யக்கூடிய காரியமில்லை.

புதியது பூட்ட முன், பழையதைப் பழையபடி ஆக்குவது

உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்குப் பெறுமானத் தேய்வு நினைவிருக்கும். ஏட்டில் ஆண்டுதோறும் கழிப்போம். வாகனத்தின் கீழே அது உண்மையாகவே நடக்கிறது, ஒருவரும் பதிவு செய்வதில்லை. ஒன்ராறியோ வீதிகளில் பத்து மாரி கண்ட வாகனத்தின் கொன்ட்ரோல் ஆம் புஷ்கள் வெடித்திருக்கும். ஸ்வே பார் லிங்க் கடகடக்கும். போல் ஜொயின்ரில் ஆட்டம் இருக்கும். உப்புத் தின்ற ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருந்தாலும் சாரதிக்குத் தெரியாது. தேய்வு மெல்ல மெல்ல வருவதால் எங்கள் கையும் அதற்குப் பழகிவிடுகிறது. “சுபாருவின் ஸ்ரியரிங் இப்படித்தான்” என்று சொல்பவர், புதிய புஷ் பூட்டிய அதே வகை வாகனத்தை ஓட்டிப் பார்த்தால் வேறு வாகனம் என்று நினைப்பார்.

ஆகவே மேம்பாட்டுப் பாகங்களின் விலைப்பட்டியலைத் திறக்க முன் வாகனத்தைத் தூக்கிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். சின்னச் சின்ன மேடுகளில் முன்பக்கம் டக், டக் என்றால் அநேகமாக ஸ்வே பார் லிங்க், மலிவான பாகம். பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் ஒதுங்கினால் முன் கொன்ட்ரோல் ஆமின் பின்பக்கப் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்தில் ஸ்ரியரிங்கை முறிக்கும்போது உறுமி, பிறகு துள்ளினால் ஷொக்கின் மேல் இருப்பிடம். ரயரின் மேற்பரப்பைத் தடவும்போது மேடும் பள்ளமுமாய் அலை போலத் தட்டுப்பட்டால் ஷொக் செத்துவிட்டது. வாகனத்தின் மூலையை அமத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முழுதாகச் செத்த ஷொக்கை மட்டுமே அது காட்டும், பாதி செத்ததைக் காட்டாது.

பாவித்த வாகனம் வாங்கும்போது வரும் ஒன்ராறியோவின் சேஃப்ரி சான்றிதழை நம்பி இருந்துவிடவும் வேண்டாம். அது 36 நாட்களுக்குச் செல்லுபடியாகும். பரிசோதித்த நாளில் குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பதுதான் அதன் பொருள். பாதி தேய்ந்த புஷ் அதில் தேறிவிடும்.

பழுதான புஷ்ஷுக்குப் பதிலாக என்ன போடுவது? வைற்லைன் போன்ற அவுஸ்திரேலிய நிறுவனங்கள் பொலியூரேதேன் புஷ் விற்கின்றன. இறப்பரைவிட விறைப்பானது, ஸ்ரியரிங் கூர்மையாகும். ஆனால் வீதியின் இரைச்சலும் அதிர்வும் உள்ளே வரும், கிறீஸ் காய்ந்தால் கீச்சிடும். பின் இருக்கையில் வயதான தாய் தந்தையர் பயணிக்கும் வாகனத்துக்கு நான் கொம்பனி இறப்பரையே சொல்வேன். ஸ்வே பாரைப் பிடிக்கும் இரண்டு புஷ்களை மட்டும் பொலியில் போடலாம், அதனால் இடைஞ்சல் குறைவு.

பூட்டும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. கொன்ட்ரோல் ஆம் புஷ்ஷின் நட்டை வாகனம் சில்லில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுதியாக இறுக்கவேண்டும். தூக்கியில் சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வாகனம் கீழே இறங்கியதும் இறப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும், சில மாதங்களில் கிழிந்துபோகும். எங்கள் வானுக்கு ஒரு கராஜ் இப்படித்தான் செய்தது. ஆறு மாதத்தில் புதுப் புஷ் கிழிந்தது, “பாகம் சரியில்லை” என்று மறுபடி காசு கேட்டார்கள். வேலை கொடுக்க முன், “நட்டை எந்த உயரத்தில் இறுக்குவீர்கள், தம்பி?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். வரும் பதிலிலேயே மெக்கானிக்கின் தரம் தெரிந்துவிடும்.

கீழ்ப்பாகங்களில் எதைக் கழற்றிப் பூட்டினாலும் கடைசியில் வீல் அலைன்மென்ற் செய்யவேண்டும். அதற்கு 100 முதல் 150 டொலர் வரை போகலாம். அதில் முக்கியமானது ‘ரோ’ எனப்படும், சில்லுகள் ஒன்றையொன்று பார்த்தபடியா விலகியபடியா நிற்கின்றன என்ற கோணம். அது பாகையின் சிறு பின்னத்தால் பிசகினாலே ரயரின் உட்கரை தின்னப்பட்டுவிடும், நெடுஞ்சாலையில் வாகனம் அலையும். “சரி செய்தாச்சு” என்ற வாய்ச்சொல் போதாது. செய்ய முன், செய்த பின் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள், நாலு சில்லுக்கும் எண் இருக்கவேண்டும்.

ஷொக்கும் பாரமும்

குடும்ப வாகனம் இரண்டு வேறு வாழ்க்கை வாழ்கிறது. வாரநாளில் ஒருவர் வேலைக்குப் போகிறார். வார இறுதியில் ஐந்து பேர், அரிசி மூட்டை, கோயிலுக்குப் பூ, தலைக்கு மேலே பெட்டி. ஆளுக்கு 70 கிலோ என்றால் ஐந்து பேர் மட்டும் 350 கிலோ. பின்பக்கம் தாழ, முன்பக்கம் இலேசாகும். ஸ்ரியரிங் மந்தமாகும், முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஷொக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வாகனம் தாழுகிறது என்று ஷொக் மாற்றுகிறார்கள், பிறகும் தாழுகிறது. பாரத்தில் தாழ்ந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மேடு ஏறியபின் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷொக்கைப் பாருங்கள். வொல்வோ எக்ஸ்.சி.70, எக்ஸ்.சி.90 போன்ற சில வாகனங்களில், பாரத்துக்கு ஏற்பத் தானாக உயரம் சரிசெய்யும் நிவோமற் என்ற பின் ஷொக் வந்தது. அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஷொக் போட்டால் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் சேர்த்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் இருந்துவிடும்.

கொம்பனித் தரத்துக்கு நிகரான மாற்றுக்குக் கே.வை.பி போதுமானது. இன்னும் இறுக்கமான பிடி வேண்டுமென்றால், வாகனத்தின் உயரத்தை மாற்றாமலே செய்ய வழி உண்டு. பில்ஸ்ரைனில் பி6 என்பது வழக்கமான உயரமுள்ள ஸ்பிரிங்குக்கானது, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்யப்பட்டது. குடும்ப வாகனத்துக்கு உங்கள் மொடலுக்குக் கிடைத்தால் பி6. அதுவும் வெறுமையாக ஓடும்போது சின்ன மேடுகளைச் சற்றுக் கூடுதலாக உணர்த்தும் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். நாலும் கூலியோடு 1,200 முதல் 2,000 டொலர் வரை போகலாம். இரண்டாகப் போடுவதென்றால் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்துப் போடவேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒருபோதும் வேண்டாம். ஸ்பிரிங்கை அமத்திக் கழற்றும் வேலையை வீட்டுக் கராஜில் செய்து பார்க்காதீர்கள். அமத்தப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும்.

ஸ்வே பார்: குறைந்த காசில் பெரிய வித்தியாசம், ஒரு எச்சரிக்கையோடு

ரயரும் புஷ்ஷும் ஷொக்கும் நல்ல நிலையில் இருந்தால், அடுத்ததாகச் செய்யத்தக்க மாற்றம் பின்பக்க ஸ்வே பார்தான். இடது வலது சில்லுகளை இணைக்கும் முறுகு தண்டு அது, வளைவில் வாகனம் சாய்வதை எதிர்க்கும். ஓல் வீல் டிரைவ் குடும்ப வாகனங்களில் பாதிக்கு மேற்பட்ட நிறை முன்னாலே இருப்பதால், வளைவில் ஸ்ரியரிங்கை எவ்வளவு முறித்தாலும் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும் இயல்பு உண்டு. பின்பக்கத் தண்டைத் தடிப்பாக்கினால் அந்த இயல்பு குறைந்து வாகனம் நடுநிலையாகத் திரும்பும். சாய்வும் குறைவதால் பின்னால் இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிரட்டுவதும் குறையும். நேர்வீதியில் மெத்தென்ற தன்மை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால்தான் குடும்ப வாகனத்துக்கு இது நல்ல பொருத்தம்.

தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கோடு கூடும். 16 மில்லிமீற்றர் தண்டை 19க்கு மாற்றினால் பார்வைக்கு மூன்று மில்லிமீற்றர்தான், விறைப்போ ஏறக்குறைய இரட்டிப்பு. 20 என்றால் 2.4 மடங்கு. ஆகவே “இன்னும் கொஞ்சம் தடிப்பு” என்று கேட்கும்போது எவ்வளவு கேட்கிறோம் என்பதைத் தெரிந்து கேட்கவேண்டும்.

எச்சரிக்கை இதுதான். காய்ந்த வீதியில் நடுநிலையாகத் திரும்பும் வாகனம், மிகத் தடிப்பான பின் தண்டோடு ஐஸில் வாலை வீசும். மூக்குத் தள்ளினால் சாதாரண சாரதி காலை எடுப்பார், வாகனம் அடங்கும். வால் வீசினால் அநேகருக்கு என்ன செய்வதென்று தெரியாது. கனடாவில் 2011 செப்ரெம்பர் 1 முதல் புதிய இலகுரக வாகனங்கள் எல்லாவற்றிலும் மின்னணு உறுதிநிலைக் கட்டுப்பாடு கட்டாயமாகிவிட்டது, அது ஒரு சில்லை மட்டும் பிரேக் பிடித்து வாகனத்தை நேராக்கப் பார்க்கும். ஆனால் அந்தக் கணினி கொம்பனிப் பாகங்களை வைத்தே சரிபார்க்கப்பட்டது. ஒரு படி மட்டும் கூட்டுங்கள். இரண்டு துளையுள்ள, விறைப்பை மாற்றக்கூடிய தண்டென்றால் மாரிக்கு இளகிய துளையில் விடுங்கள்.

உயரத்தைத் தொடுவது

வீட்டில் இருபது வயதுப் பிள்ளை இருந்தால் இந்தப் பேச்சு நிச்சயம் வரும். ஐபாக் ஸ்பிரிங் போட்டு 25, 30 மில்லிமீற்றர் தாழ்த்தலாம் என்பார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் சாய்வு குறையும். உயரமான குடும்ப வாகனங்கள் திடீர்த் திருப்பத்தில் தடுமாறும் என்பதும் சோதனைகளில் கண்டதுதான். 1997இல் சுவீடனின் ஒரு வாகன சஞ்சிகை, வீதியில் எதிர்ப்பட்ட மிருகத்தை விலத்துவது போன்ற சோதனையில் மெர்செடிஸ் ஏ-கிளாஸைக் கவிழ்த்தது. மெர்செடிஸ் கொம்பனி விற்ற வாகனங்களைத் திருப்பியழைத்து, தொங்கல் அமைப்பை மாற்றி, உறுதிநிலைக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது. 2019இல் அதே சஞ்சிகையின் சோதனையில் ராவ்4 மோசமாகச் செய்தபோது ரொயோற்றாவும் உறுதிநிலைக் கட்டுப்பாட்டைத் திருத்தவேண்டி வந்தது.

என்றாலும் எங்கள் தேவைக்குத் தாழ்த்துவது நட்டக் கணக்குத்தான். ஃபொரெஸ்ரரின் கீழ் இடைவெளி 220 மில்லிமீற்றர். பனி உழும் வண்டி வீட்டு வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் இறுகிய மேட்டை ஏறிக் கடக்கத்தான் அந்த உயரத்துக்குக் காசு கொடுத்தோம். தாழ்த்தினால் சில்லின் சாய்கோணம் மாறும், பல வாகனங்களில் அதைச் சரிக்கட்டப் புதிய போல்ற் அல்லது புதிய ஆம் வேண்டும். கொம்பனி ஷொக்கின் அசைவு தூரம் சுருங்கும். ஐந்து பேர் ஏறியதும் ஒவ்வொரு மேட்டிலும் அடியில் இடிக்கும். இப்போதைய வாகனங்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. முன்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வீதியைப் பார்த்துத் தானாகப் பிரேக் பிடிக்கும் கமெரா ஒரு குறித்த உயரத்தையும் கோணத்தையும் நம்பியே பார்க்கிறது. தொங்கல் அமைப்பை மாற்றினால் ஐசைற் சரியாக இயங்காமல் போகலாம் என்று சுபாருவின் கைநூலே சொல்கிறது.

உயர்த்துவதும் இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. முகாமுக்குப் போகும் வாகனம் போலத் தெரியவேண்டும் என்று ஃபொரெஸ்ரரையும் ராவ்4ஐயும் இரண்டு அங்குலம் தூக்குகிறார்கள். மேலே சொன்ன கோணச் சிக்கல், கமெராச் சிக்கல் எல்லாம் அதற்கும் உண்டு. அதோடு மையம் உயர்வதால், விலத்தவேண்டிய கணத்தில் வாகனம் இன்னும் மோசமாகச் சாயும். தாழ்த்துவதா தூக்குவதா என்று ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டுமென்றால், பிள்ளை சொல்லும் தாழ்த்தலில் எனக்கு ஆட்சேபணை குறைவு.

கணக்கில் எப்படிப் பதிவது

2014 ஃபொரெஸ்ரர் ஒன்று, இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடியது, கையில் 3,000 டொலர் என்று வையுங்கள். றிம்மோடு நாலு வின்ரர் ரயருக்கு 1,200 வரை. தேய்ந்த லிங்க், முன் புஷ்களுக்கு 600. மிச்சத்தில் எண்ணெய் கசியும் அச்சுக்கு இரண்டு ஷொக், கடைசியாக அலைன்மென்ற். அடுத்த வருடம் மற்ற அச்சின் ஷொக்குகள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் 300 டொலர் அளவில் ஒரு பின் ஸ்வே பார். புது வாகனமென்றால் ரயரையும் காற்றையும் தவிர ஐந்து வருடத்துக்கு ஒன்றுமே தேவைப்படாது. காசை வங்கியில் விடுங்கள்.

தேய்ந்த பாகத்துக்கு அதே தரத்தில் புதியது போடுவது பராமரிப்பு. கொம்பனி கொடுக்காத பாகத்தைப் போடுவது மாற்றம். காப்புறுதி நிறுவனம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. ஒன்ராறியோவில் ஆபத்தைப் பாதிக்கக்கூடிய முக்கிய மாற்றங்களை அறிவிக்கவேண்டியது வாகன உரிமையாளரின் பொறுப்பு. விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் தாழ்த்திய ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்து எழுதுவதைவிட, நீங்களே முன்கூட்டி மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது மலிவு. தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்பது கோப்பில் வராது.

குத்தகைக்கு எடுத்த வாகனமென்றால் மாற்றம் எதையும் செய்ய முன் ஒப்பந்தத்தை வாசியுங்கள். சொந்த வாகனமென்றாலும் கழற்றிய கொம்பனி ஸ்வே பாரையும் ஸ்பிரிங்குகளையும் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். பெயரும் திகதியும் எழுதி பேஸ்மென்ரில் ஒரு மூலையில் வையுங்கள். வாகனத்தை விற்கும் நாளில் வாங்க வருபவர் அநேகமாக அவற்றைப் பூட்டிய வாகனத்தைத்தான் கேட்பார்.